வெறும் பாத்திரம் திரும்பாத ஊர்

எங்கள் தோட்டத்தில் குப்பை விவகாரத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்புக்கு என்னைத் தேர்ந்தெடுத்த அன்று, நான் கூட்டத்துக்குத் தாமதமாகப் போயிருந்தேன். கோயில் மண்டபத்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது உள்ளே கைத்தட்டல் கேட்டது. யாருக்கோ ஏதோ நல்லது நடந்திருக்கிறது என்று நினைத்து நானும் தட்டினேன். உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான், தட்டியது எனக்காக என்று தெரிந்தது.

"தம்பிதான் படிச்சவரு. பேப்பர்ல எல்லாம் எழுதுறாரு. குப்ப விஷயத்த அவரே பாத்துக்கட்டும்," என்றார் கோயில் தலைவர். ஞாயிறு இதழில் எப்போதாவது வரும் என் நகைச்சுவைக் கட்டுரைகளுக்கும் குப்பைக்கும் உள்ள உறவை அவர் இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டாம்.

மறுத்திருக்கலாம். மறுக்காததற்குக் காரணம் என் அக்கா.

லிங்கிப் பக்கம், செம்பனைக்கு நடுவில், மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும், தோட்டத் தொழிலாளர்களுக்குக் கட்டிய பழைய லயத்து வீடுகள் எங்களுடையவை. ரப்பர்ப் பால்மரம் போய் எண்ணெய்ச் செம்பனை வந்து, தோட்டம் கைமாறி, ஆட்களெல்லாம் சிரம்பானுக்கும் செண்டாயானுக்கும் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகும் வீடுகள் மட்டும் எங்களிடம் நின்றுவிட்டன. நானும் காலையில் சிரம்பானுக்குப் போய் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் மற்றவர்களின் ஆபத்துகளை மதிப்பிட்டுவிட்டு மாலையில் திரும்புகிறவன்தான். கோயில் மேட்டில் இருக்கிறது. அதன் பக்கத்திலிருந்து புறப்படும் லோங்காங், அதாவது மழைநீர் வாய்க்கால், எல்லா வீட்டுப் பின்புறத்தையும் தொட்டுக்கொண்டு இறங்கி, கடைசி வீட்டருகே பாதைக்கு அடியில் ஒரு சிமெண்டுக் குழாய்க்குள் நுழைந்து ஓடைக்குப் போகிறது. அந்தக் கடைசி வீடு அக்காவுடையது.

குழாய் அடைத்தால் தண்ணீர் அக்காவின் அடுப்படிக்குள் போகும். போன மழைக்காலத்தில் போனது. கணுக்கால் அளவுத் தண்ணீரில் அரிசி மூட்டையும் ஒரு சேவலும் மிதந்தன. சேவல் பிழைத்துக்கொண்டது. செண்டாயானில் வீடு வாங்கியிருக்கும் அவள் மகன் ஓடி வந்து, இத்தனை போதும், கிளம்புங்கள் என்றான். புடவையைப் பிழிந்துகொண்டே அக்கா சொன்னாள்: "சரிடா. இன்னொரு தடவ வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சுன்னா, நீ கூப்புடவே வேணாம். நானே வந்துர்றேன்."

இதில் ஒரு சிக்கல் உண்டு. அக்கா சொன்ன சொல்லை மீறாதவள். எங்கள் குடும்பத்தில் அந்த வியாதி அவளுக்கு மட்டும்தான்.

மகன் வீட்டில் அவள் ஒரு வாரம் இருந்து பார்த்திருக்கிறாள். நல்ல வீடு, நல்ல மருமகள். திரும்பி வந்தபோது அக்கா சொன்ன ஒரே குறை: "கேட்ட தொறந்தா ரோட்டுல காடி, கேட்ட மூடுனா டீவி. ஒரு வாரம் முழுக்க ஒரு ஆளு சண்டைக்கு வரலடா. மனுசன் இருக்கிற எடமா அது?"

அவள் போய்விட்டால் எனக்கும் நட்டம்தான். என் கட்டுரைகளை முழுக்கக் கேட்கும் ஒரே ஆள் அவள். சிரிக்க மாட்டாள், ஆனால் கேட்பாள்.

ஆகவே குப்பையில் இறங்கினேன். வேலை முடிந்து லோபாக்கில் ஒரு கடைக்குப் போய் மூன்று பெரிய தொட்டிகள் வாங்கி வந்தேன். எங்கள் நாட்டில் மறுசுழற்சிக்கென்று வழங்கும் நிறங்கள்தாம்: நீலம் காகிதத்துக்கு, பழுப்பு கண்ணாடிக்கு, ஆரஞ்சு பிளாஸ்டிக்குக்கும் டின்னுக்கும். கோயில் வேலியோரம் வரிசையாக வைத்துவிட்டுச் சற்றுத் தள்ளி நின்று பார்த்தேன். வெளிநாடு மாதிரி இருந்தது.

நீலத் தொட்டி முதலில் மறைந்தது. மேட்டு வீட்டம்மா ஒருவரின் கூரைக்கடியில் மழைத்தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தது. "நல்ல தோங்குண்ணே, மூடியெல்லாம் இருக்கு," என்று பாராட்டினார். எங்கள் பக்கம் தொட்டிக்குத் தோங் என்றுதான் பெயர். பழுப்பு, கோயில் சமையல்கட்டில் அரிசி நிரம்பி நின்றது. ஆரஞ்சைத் தேடிக்கொண்டு அக்கா வீட்டுக் கொல்லைக்குப் போனேன். அது படுக்கப்போட்டுக் கிடந்தது. உள்ளே ஒரு பெட்டைக்கோழி அடைகாத்துக்கொண்டு, வாடகைக்காரி மாதிரி என்னை முறைத்தது.

"அக்கா, உனக்காகத்தானே அத வாங்கி வச்சேன்!"

"எனக்காக வச்சதத்தானேடா எடுத்துக்கிட்டேன்."

அடுத்து, சொற்பொழிவு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், குறைத்தல், மறுபடி பயன்படுத்துதல், மறுசுழற்சி என்று மூன்று விரலைக் காட்டிப் பேசினேன். கடல் ஆமையின் மூக்கில் உறிஞ்சுகுழல் மாட்டிய சோகத்தை விவரித்தபோது என் குரலே கொஞ்சம் தழுதழுத்தது. இரண்டாவது விரலுக்கு வந்தபோது, நீலத் தொட்டிக்காரம்மா எழுந்தார்.

"மறுபடி பயன்படுத்தணுமாண்ணே? எங்க வீட்டு ஐஸ்கிரீம் டப்பாவ தொறந்து உள்ள ஐஸ்கிரீம பாத்து எத்தன வருசம் ஆச்சு தெரியுமா? சின்னதுலேருந்து எம்புள்ள அத தொறந்தா நெத்திலிதான்னு நெனச்சிட்டு இருக்கு."

மண்டபம் சிரித்தது. நான் விரலை மடக்கிக்கொண்டேன். உண்மையும் அதுதான். பெயிண்ட் வாளி குளியலறையில் இருக்கும், எண்ணெய்ப் போத்தல் ரோஜாச்செடிக்குத் தொட்டியாகும், பழைய சட்டை தலையணைக்குள் போகும். இந்த ஊருக்குச் சிக்கனம் சொல்லிக்கொடுக்க வந்தது, மீனைக் கூப்பிட்டு உட்காரவைத்து நீச்சல் விளக்கியது போலத்தான்.

அப்படியென்றால் லோங்காங்கை அடைப்பது எது? அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக் குழாய்வாயில் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். காகிதம் இல்லை, டின் இல்லை. சாப்பாடு கட்டிக்கொடுக்கும் வெள்ளை நுரைப்பெட்டி. முழுசும் உடைசலுமாக, மேலிருந்து கீழ்வரை அதுதான்.

வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் கோயிலில் அன்னதானம் உண்டு. சாப்பிட்டு முடித்ததும் வீட்டில் இருப்பவர்களுக்கும் கொஞ்சம் பொங்குஸ் பண்ணிக்கொண்டு போவது வழக்கம். பொங்குஸ் என்றால் பொட்டலம்தான். ஆனால் வெறும் பொட்டலத்தில் இல்லாத ஒரு பாசம் அந்தச் சொல்லில் உண்டு. அந்தப் பாசம் போவது நுரைப்பெட்டியில். சாம்பார் எண்ணெய் ஏறினால் அதைக் கழுவ முடியாது, மூடி ஒருதடவை திறந்தாலே கிழியும். எதையும் தூக்கிப்போடாத எங்கள் சனங்கள் தூக்கிப்போடும் ஒரே பொருள். குப்பை லோரி எங்கள் தோட்டத்துக்குள் வருவதில்லை, சிம்பாங்கிலேயே, அதாவது பெரிய சாலை முச்சந்தியிலேயே, திரும்பிவிடும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் யார் நடப்பது? லோங்காங் பின்வாசலிலேயே ஓடுகிறது.

வீட்டிலிருந்தே பாத்திரம் கொண்டுவாருங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். ஒருவரும் கொண்டுவரவில்லை. அக்காதான் விளக்கினாள்: "கோயிலுக்கு கையில சட்டியோட போனா, சாமி கும்புட வந்தாளா சோத்துக்கு வந்தாளான்னு கேப்பாங்கடா. அவங்களா குடுத்தா வாங்கிக்கிறது வேற."

இது எனக்குப் புரிந்தது. பாத்திரத்தைக் கோயில்தான் கொடுக்க வேண்டும். பாத்திரத்துக்கு எங்கே போவது என்று யோசித்துக்கொண்டே வீட்டில் கண்ணாடி அலமாரியைப் பார்த்தேன். மூடிபோட்ட எவர்சில்வர் டப்பாக்கள், வரிசை வரிசையாக. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் வெற்றிலை பாக்கோடு ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். மூடியில் மணமக்கள் பெயர் வேறு. நாங்கள் யாரும் இதுவரை ஒன்றைக்கூடப் பயன்படுத்தியதில்லை. எல்லா வீட்டிலும் இதே அலமாரி, இதே டப்பாக்கள்.

கேட்டதும் கொண்டுவந்து குவித்தார்கள். பெண்கள் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்த்தால், இத்தனை காலமாக யாராவது வந்து கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தது போல இருந்தது. என் மனைவி, எங்கள் கல்யாணத்தில் நாங்களே கொடுத்து மிஞ்சியதையும் சேர்த்துத் தூக்கிக் கொடுத்தாள். சட்டம் எளிது: வெள்ளிக்கிழமை சாப்பாட்டை எவர்சில்வர் டப்பாவில் கொண்டுபோக வேண்டும், அடுத்த வெள்ளிக்கிழமை டப்பாவைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். கோயில் தலைவர் நுரைப்பெட்டிகளை மூட்டைமூட்டையாக வாங்கிவைத்திருந்தார். அவற்றைப் பண்டக அறையில் போட்டுப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

முதல் வெள்ளிக்கிழமை பெண் வீட்டுத் தகப்பன் மாதிரி நின்றேன். டப்பாக்கள் பளபளவென்று ஒவ்வொன்றாக இறங்கிப்போயின. அந்த வாரம் லோங்காங்கில் இலையும் தண்ணீரும் மட்டும் ஓடின. அக்கா தினமும் காலையில் குழாய்வாய்க்குப் போய்ப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வந்தாள். அவள் ஒன்றும் சொல்லாவிட்டால் பாராட்டுகிறாள் என்று பொருள்.

இரண்டாவது வெள்ளிக்கிழமை சனங்கள் வந்தார்கள், டப்பாக்கள் வரவில்லை. ஒன்றிரண்டு வந்ததாகக் கோயில் தலைவர் பின்னால் சொன்னார், நான் பார்க்கவில்லை. அவர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார்.

"தம்பி, எவர்சில்வர நம்ப முடியாது. வெள்ளப் பெட்டிதான் நம்பிக்கையான பொருளு. திரும்பி வராதுன்னு முன்னாடியே தெரிஞ்சி போயிருது பாத்தீங்களா?"

மறுநாள் வீடுவீடாகப் போனேன். முதலில் நீலத் தொட்டிக்காரம்மா. டப்பா தொலையவில்லை. கழுவித் துடைத்து, ஐஸ்பெட்டியின் மேல், சாமிப் படத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

"இதோ இருக்கே. ஏம்மா நேத்து கொண்டு வரல?"

"வெறும் பாத்திரத்தயாண்ணே கொண்டாந்து குடுக்கிறது?" என்றார், நான் அவரைக் கெட்ட காரியத்துக்குக் கூப்பிட்டதுபோல. "நேத்து கேசரி கிண்டலாம்னு பாத்தேன், நெய் இல்ல. அடுத்த வாரம் கட்டாயம் போட்டு எடுத்துட்டு வர்றேன்."

அடுத்த வீட்டில் பலாப்பழம் பழுப்பதற்குக் காத்திருந்தார்கள். அதற்கடுத்த வீட்டில் மகளுக்கு லீவு கிடைக்கும் நாளுக்குக் காத்திருந்தார்கள். அதிரசம் அவள் சுட்டால்தான் வருமாம். தனியாக இருக்கும், பாதுகாவலர் வேலை பார்க்கும் ஒருவர், நான் படியேறுவதைக் கண்டதும் பதறி வெளியே வந்தார்.

"சார், டப்பா பத்திரமா இருக்கு சார். ஆனா எனக்கு சமைக்கத் தெரியாது. என்னத்த போட்டு திருப்பிக் குடுக்கிறதுன்னு தெரியல. அதான் கோயில் பக்கமே வராம இருக்கேன்."

பக்கத்து வீட்டிலிருந்து குழம்பு வந்த கிண்ணத்தை நாங்கள் வெறுமனே திருப்பிக் கொடுப்பதில்லை. ஒன்றுமில்லாவிட்டால் அடியில் கொஞ்சம் சீனியாவது போட்டுக் கொடுப்போம். அது பக்கத்து வீட்டுக்கு. இப்போது கொடுத்திருப்பவள் மாரியம்மன். சீனி போட்டு ஏமாற்ற முடியுமா? நானும் இதே லயத்தில் பிறந்து, அம்மா சீனி போட்டுக் கொடுத்த கிண்ணங்களைப் பக்கத்து வீடுகளுக்குத் தூக்கிக்கொண்டு நடந்தவன்தான். அப்புறம் சுற்றுச்சூழல் பற்றி நிறையப் புத்தகங்கள் படித்துவிட்டேன்.

இந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. கோயில் ஒலிபெருக்கியைப் பிடித்து, "வரும் வெள்ளிக்கிழமைக்குள் எல்லாரும் டப்பாவைக் கட்டாயம் திருப்பித் தர வேண்டும், வெறுமனே கொண்டுவந்தால் அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்" என்று அறிவித்தேன். பின்பாதியை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை, கட்டாயம் என்ற இரண்டு சொற்களைப் பிடித்துக்கொண்டு தோட்டம் முழுக்க அடுப்பு மூட்டிவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமையை மறக்க முடியாது. எல்லா டப்பாவும் வந்தது. எல்லாம் நிறைந்து வந்தது. கேசரி, சுண்டல், பணியாரம், பலாச்சுளை, பாயசத்தில் இத்தனை வகை உண்டா என்று வியக்கும் அளவுக்குப் பாயசம். பாதுகாவலர் கடையில் வாங்கிய ரொட்டி சானாயைச் சுருட்டி அமுக்கிக் கொண்டுவந்திருந்தார். முகத்தில் பரீட்சை எழுதி முடித்த தெளிவு. இதற்கு நடுவில் கோயிலில் வழக்கமான சாப்பாடும் அண்டா அண்டாவாக இருந்தது. டப்பாவுக்குள் கேசரி இருக்கும்போது சாம்பார்சோற்றை எதில் போடுவது?

கோயில் தலைவர் பண்டக அறையைத் திறந்தார். அவர் நடையிலேயே ஒரு துள்ளல்.

"சாமிக்கு வந்தத கொட்டவா முடியும் தம்பி? எடுங்கலா வெள்ளப் பெட்டிய!"

அன்று ஆளுக்கு ஒரு டப்பாவும் மூன்று நான்கு நுரைப்பெட்டியுமாக வீடு போனார்கள். என் வீட்டுக்கும் வந்தது. நுரைப்பெட்டியை ஒழிக்கக் கிளம்பியவன், கோயில் ஆரம்பித்த நாளிலிருந்து போகாத அளவு நுரைப்பெட்டியை ஒரே மாலையில் ஊருக்குள் இறக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மழை பிடித்தது. சோற்றுத் தட்டோடு பின்வாசலுக்கு வந்து பார்த்தேன். லோங்காங்கில் வெள்ளைப் பெட்டிகள் ஊர்வலமாக இறங்கிக்கொண்டிருந்தன. தட்டை வைத்துவிட்டு ஓடினேன். குழாய்வாய் ஏற்கெனவே அடைத்து, தண்ணீர் பாதையில் ஏறிவிட்டது. சேற்றில் படுத்துத் தோள்வரை கையை உள்ளே விட்டு இழுத்தேன். பெட்டி பெட்டியாக வந்தது. ஒன்றில் கேசரிகூட இருந்தது, முந்திரியோடு.

அக்கா அடுப்படி நிலைவாசலில் துடைப்பத்தோடு நின்றாள். வெளிச்சிமெண்டுத் தரை முழுக்கத் தண்ணீர். ஆரஞ்சுத் தொட்டிமேல் கோழிகள் ஏறி நின்றன. தண்ணீர் படியைத் தொட்டது, படிமேல் ஏறியது, நிலைக்கட்டையில் வந்து மோதியது. அக்கா துடைப்பத்தால் அதை வெளியே தள்ளிக்கொண்டிருந்தாள், வேண்டாத விருந்தாளியைத் தள்ளுவது மாதிரி. கடைசியில் ஒரு கட்டுப் பெட்டிகள் மொத்தமாக என் கையோடு வந்தன. குழாய் ஒரு பெரிய ஏப்பம் விட்டுத் தண்ணீரை இழுத்துக்கொண்டது.

யாரோ போன் போட்டுவிட்டார்கள். மழை விடுவதற்குள் அக்கா மகன் வந்துவிட்டான்.

"வந்துருச்சேம்மா."

"எங்கடா வந்துச்சு? நெலய தாண்டுச்சா பாரு."

"அடுப்படி ஈரமா இருக்கு!"

"துடைப்பத்த கழுவி வச்சேன், அது சொட்டுன ஈரம்."

அவன் என் பக்கம் திரும்பினான். தலைமுடியிலிருந்து கால்வரை சேற்றோடு நின்றேன். "மாமா, நீங்கதான இங்க இருந்தீங்க. நீங்க சொல்லுங்க. தண்ணி வீட்டுக்குள்ள வந்துச்சா, இல்லயா?"

"நிலைவாசல் என்பது வீட்டுக்கு உள்ளே சேர்த்தியா, வெளியே சேர்த்தியா என்பதில்..." என்று ஆரம்பித்தேன்.

"பேப்பருக்கு எழுதுற மாரி பேசாதீங்க மாமா."

அக்கா குறுக்கே வந்தாள். "கட்டைய தொட்டுச்சு. தாண்டல. தாண்டியிருந்தா நானே பொட்டிய கட்டிட்டு ஒனக்கு போன் பண்ணியிருப்பேன். பண்ணல இல்ல?"

அவனுக்கும் தன் தாயைத் தெரியும். நிலைக்கட்டையை ஒருமுறை பார்த்தான். "சரி. இந்த மழக்காலம் முடியிறவரைக்கும் பாப்போம். ஆனா இதுக்கப்பறம் ஒரு சொட்டு உள்ள வந்தாலும் லோரியோட வந்துருவேன். சொல்லிட்டேன்." லோரிக்காரரிடம் ஏற்கெனவே பேசிவிட்டான் என்பது அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது.

அந்த வாரம் முழுக்க நான் தோட்டத்தில் தலை காட்டவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை வந்தது. எங்கள் வீட்டிலும் ஒரு கோயில் டப்பா இருந்தது. முன்மாதிரியாக, அதை வெறுமனே கொண்டுபோய் எல்லார் கண்ணெதிரிலும் திருப்பிக் கொடுப்பது என்று தீர்மானித்தேன். வாசல் கேட்டைத் தாண்டவில்லை, மனைவியின் குரல் வந்தது.

"ஏங்க, எங்க போறீங்க?"

"டப்பாவைத் திருப்பிக் கொடுக்க."

"வெறுமனேவா?"

"அதுதான் கொள்கை."

"கொள்கைய நீங்க பேப்பர்ல எழுதுங்க. இது என் வீட்லேருந்து போற பாத்திரம். நாளைக்கு அவளுங்க என்னயதான் பேசுவாளுங்க."

அவளும் அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தாள். சமைத்தது ஒன்றுமில்லை, சமைக்க நேரமும் இல்லை. அரிசிப் பானையைத் திறந்து, இரண்டு கை அரிசியை அள்ளி டப்பாவில் போட்டு மூடி என் கையில் திணித்தாள். "போங்க. எதுனா சொன்னா அவசரத்துல வந்துட்டேன்னு சொல்லுங்க."

சமைக்காத அரிசியைத் தூக்கிக்கொண்டு போக எனக்கே வெட்கமாக இருந்தது. கோயிலில் யாரும் பார்க்காதபோது மேசைமேல் வைத்துவிட்டு நகரப் பார்த்தேன். கோயில் தலைவர் எடுத்துத் திறந்தார். உள்ளே பார்த்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் என்னைக் கவனிக்கவே இல்லை. சமையல்கட்டுப் பக்கம் நடந்து, பழுப்புத் தொட்டியில் இருந்த அரிசியோடு அதைக் கொட்டிவிட்டு, டப்பாவைக் கழுவும் இடத்தில் வைத்தார்.

பின்னால் நின்ற நீலத் தொட்டிக்காரம்மாவின் கையில் டப்பா நிறையப் புட்டு. அவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார்.

"தலைவரே, அரிசி போட்டா போதுமா?"

"அரிசி போதாதா? அப்ப வாரா வாரம் நான் எதத்தான் பொங்குறேன்?"

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? விடியலேருந்து புட்டுக்கு மாவு சலிச்சிட்டு இருக்கேன்."

"யாரும் கேக்கலையேம்மா," என்றார் அவர்.

அவ்வளவுதான். நான் ஒலிபெருக்கியைத் தொடவில்லை. தொட்டிருந்தால் இதுவும் கெட்டிருக்கும். நீலத் தொட்டிக்காரம்மா அன்று இரண்டு மூன்று வீடுகளில் நின்று பேசிவிட்டுப் போனார். செய்தி லோங்காங்கைவிட வேகமாகக் கீழே இறங்கியது. அடுத்த வெள்ளிக்கிழமை டப்பாக்கள் வந்தன. ஒன்றில் அரிசி, ஒன்றில் பருப்பு, ஒன்றில் காய்ந்த மிளகாய், ஒன்றில் உப்புப் பொட்டலம். ஒருவர் முழுத்தேங்காயைத் திணித்து, அது மூடாமல், மூடியைத் தனியாகக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். பாதுகாவலர் ஒரு கிலோ சீனியோடு வந்து, "சமைக்க வேணாம் இல்ல சார்?" என்று இரண்டு தடவை கேட்டு உறுதிசெய்துகொண்டார். கொட்டுவதும் கழுவுவதும் ஒரு பக்கம், நிரப்பிக் கொடுப்பது இன்னொரு பக்கம். யாருடைய அரிசியை யார் சாப்பிடுகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. பண்டக அறைச் சாவி தலைவரின் இடுப்பிலேயே இருந்தது.

அதன்பிறகு மற்றது தானாக வந்தது என்று எழுத ஆசைதான், பாதிதான் வந்தது. வேண்டாத காகிதமும் டின்னும் கோயில் கொட்டகையில் சேர்கின்றன; பழைய பேப்பர் லோரி ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு வரும்போது அதில் ஏறுகின்றன. குழந்தைகளின் டயப்பர் பிரச்சினைக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. கேட்டால் மூன்று விரலைக் காட்டிவிட்டு நழுவிவிடுகிறேன். போன மாதம் சிரம்பானில் ஒரு கூட்டத்தில், சமூகப் பழக்கத்தை அடிப்படையாகக் கொண்ட மறுபயன்பாட்டுத் திட்டம் ஒன்றை நான் வகுத்ததாகப் பேசினேன். மனைவி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பேச்சைச் சுருக்கிக்கொண்டேன்.

ஆனால் சொல்ல வேண்டியது, டப்பாக்களில் அரிசி வரத் தொடங்கிச் சில வாரம் கழித்துப் பெய்த ஒரு சனிக்கிழமை மழையைப் பற்றி. மத்தியானமே லிங்கிப் பக்கம் வானம் கறுத்து, மூன்று மணிக்கெல்லாம் கொட்டத் தொடங்கிவிட்டது. அந்த மழைக்காலத்தின் பெரிய மழை அது. நான் குடையோடு அக்கா வீட்டுக்குப் போனபோது அவள் மகன் ஏற்கெனவே வந்து, காற்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு நிலைவாசலில் நின்றிருந்தான். இராத்திரி ஷிஃப்ட் முடிந்து தூங்காமல் வந்திருக்கிறான். கண் சிவந்திருந்தது.

"செண்டாயான்ல மேகம் கறுத்தா எனக்கு தூக்கம் வரமாட்டேங்குது மாமா," என்றான், மழையைப் பார்த்துக்கொண்டே. "இங்க அம்மா கெடக்கும். அங்க நான் மெத்தையில படுத்துக்கிட்டு, இப்ப படி ஏறியிருக்கும், இப்ப உள்ள வந்திருக்கும்னு எண்ணிட்டு கெடப்பேன். அம்மாவுக்கு இது தெரியாது. வம்புக்கு கூப்புடுறேன்னு நெனைக்குது."

அக்கா பின்னாலேயே நின்றாள். கேட்டிருப்பாள். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

மூவரும் லோங்காங்கைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இலைகள் வந்தன. செம்பனைப் பழங்கள் உருண்டு வந்தன. ஓர் இடதுகால் செருப்பு வந்தது. தண்ணீர் பழுப்பாகப் பொங்கி, சிமெண்டுத் தரையின் ஓரத்தைத் தொட்டது. அப்போது மேலேயிருந்து ஒரு வெள்ளைப் பெட்டி ஆடிக்கொண்டே வந்தது. அவன் என் கையைப் பிடித்தான். பெட்டி குழாய்வாயில் வந்து ஒருமுறை சுற்றியது. அக்கா எங்களைத் தள்ளிக்கொண்டு மழையில் இறங்கி, துடைப்பக் கட்டையால் அதைக் குத்தித் தூக்கினாள். கொடி மாதிரி மேலே பிடித்துக்கொண்டு மேட்டைப் பார்த்துக் கத்தினாள்.

"எவடி இது? கடைத் தீனிய தின்னுட்டு பொட்டிய எனக்கா அனுப்புறீங்க? எந்த வீடுன்னு கண்டுபுடிச்சிட்டு வர்றேன், இருங்கடி!"

மேலே ஏதோ ஒரு வீட்டிலிருந்து மழைச் சத்தத்தையும் மீறிப் பதில் வந்தது. அக்கா அதற்கும் பதில் சொன்னாள். இரண்டு பக்கமும் நன்றாகவே நடந்தது. இதற்கிடையில் தண்ணீர் படிக்கு வராமலே வடிந்துகொண்டிருந்தது. குழாய் இழுத்துக்கொண்டே இருந்தது. அவன் மட்டும் கடைசிவரை நிலைக்கட்டையையே பார்த்துக்கொண்டு நின்றான். குனிந்து அதை விரலால் தொட்டுப் பார்த்தான். காய்ந்திருந்தது.

போனை எடுத்து வீட்டுக்குப் பேசினான். "ம். வரல... தண்ணி வரல... இல்ல, அம்மாவும் வரல. லோரிக்காரருகிட்ட நான் சொல்லிக்கிறேன். அம்மாவா? லோங்காங்கிட்ட நின்னு சண்ட போட்டுட்டு இருக்கு... ஆமா, நல்லாத்தான் இருக்கு."

அக்கா தலையைத் துவட்டிக்கொண்டு உள்ளே வந்து அவனுக்குச் சோறு போட்டாள். தின்று முடித்தவன், பாய்கூட விரிக்காமல், அடுப்படித் தரையிலேயே கையை மடக்கித் தலைக்கு வைத்துப் படுத்துவிட்டான். வெளியே மழை அப்படியே கொட்டிக்கொண்டிருந்தது. கண்ணை மூடியதும் குறட்டை வந்துவிட்டது. அக்கா அவனைத் தாண்டிப் போகாமல் சுற்றிக்கொண்டு போய்க் கோழிகளைப் பார்த்தாள். எழுப்பிக் கட்டிலில் படுக்கச் சொல்லலாமே என்றேன்.

"கெடக்கட்டும்டா," என்றாள் தாழ்ந்த குரலில். "தரை நல்லா காய்ஞ்சுதான் இருக்கு."

நான் ஓசைப்படாமல் குடையை எடுத்துக்கொண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொருமுறை குழாயைப் பார்த்துவிட்டு வரப் போனேன்.